பங்குச் சாமியாருக்கு நாள் முழுக்க என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மாவட்டத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கில், அதாவது பாரிஷில், ஒன்பது வருடம் பேரவைச் செயலராக (சாமியாருக்கு உதவும் பங்கு மக்கள் குழு) இருந்தேன். அதற்கு முன்னால், அரைக்கால்சட்டை வயதில், பூசையில் சாமியாருக்குக் கூடமாட உதவும் பீடச்சிறுவன். இரண்டையும் சேர்த்தால் ஏழு பங்குச் சாமியார்களை மிகப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு பேரோடு சண்டையும் போட்டிருக்கிறேன். அலுவலக நண்பர்கள் டீக்கடையில் கேட்பது, சொந்தப் பங்கு இளைஞர்களே தயங்கித் தயங்கிக் கேட்பது என்று சேர்ந்துபோன கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. இதில் நான் திருச்சபைச் சட்டம் என்று சொல்வது 1983-இல் வெளியாகி இப்போது நடைமுறையில் இருக்கும் லத்தீன் திருச்சபைச் சட்டத் தொகுப்பை.

அங்கி போட்ட எல்லாச் சாமியாரும் பங்குத்தந்தைதானா?

இல்லை. கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், அச்சகம் பார்க்கிறவர், ஆயர் (பிஷப்) இல்லத்தில் கணக்குப் பார்க்கிறவர், இவர்களும் குருக்கள்தான். ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கும் கத்தோலிக்க மக்களை "இவர்கள் உன் பொறுப்பு" என்று ஆயர் எழுத்துமூலம் ஒப்படைத்தால்தான் ஒருவர் பங்குத்தந்தை. பங்கு என்பது கோயில் கட்டடம் இல்லை, அந்த மக்கள். பெரிய பங்கென்றால் கூடவே ஓர் உதவிப் பங்குத்தந்தை இருப்பார். பெரும்பாலும் புதிதாகப் பட்டம் பெற்ற சின்ன வயதுக்காரர். கிரிக்கெட் மட்டை எந்த அறையில் இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

தமிழகத்தையும் புதுச்சேரியையும் சேர்த்து லத்தீன் வழிபாட்டு முறையில் மட்டும் 18 மறைமாவட்டங்கள், அதாவது ஆளுக்கோர் ஆயர் பொறுப்பிலுள்ள பகுதிகள், இருக்கின்றன. ஒரு மறைமாவட்டத்தோடு வாழ்நாள் முழுக்கப் பிணைந்தவர் மறைமாவட்டக் குரு. இயேசு சபை, சலேசியர் சபை போன்ற துறவற சபைகளைச் சேர்ந்தவர்களிடமும் சில பங்குகள் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பணம் பற்றிய கேள்வி வரும்போது தெரியும்.

அவருடைய ஒரு நாள் எப்படிப் போகும்?

நான் பார்த்த ஒருவருடைய நாளையே சொல்கிறேன். காலை நாலே முக்காலுக்கு எழுந்து மோட்டார் போடுவார். தொட்டி நிறைவதற்குள் திருப்புகழ்மாலை, அதாவது குருக்கள் தினமும் சொல்லியே ஆகவேண்டிய கட்டளைச் செபம். ஐந்தரைக்கு முதல் மணி. கோயில்பிள்ளை பூசைக்கு வேண்டியதை எடுத்துவைப்பார்: அன்றைய நிறத்துக்கு ஏற்ற திருவுடை (சாதாரண நாளுக்குப் பச்சை, தவக்காலத்துக்கு ஊதா, மறைசாட்சிகளுக்குச் சிவப்பு), கோதுமை அப்பம், திராட்சை ரசம், ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர். பூசைக் கருத்து எழுதிய நோட்டும் அங்கேதான். "இறந்த தகப்பனார் ஆன்ம இளைப்பாற்றிக்காக", "மகன் வெளிநாட்டு விசாவுக்காக", "காணாமல்போன பசு கிடைத்ததற்கு நன்றியாக" என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஆறு மணிக்குப் பூசை, ஆறே முக்காலுக்கு முடிந்துவிடும்.

வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பம். கோயில் வராந்தாவில் ஆட்கள் நிற்பார்கள். ஒருத்தர் புது பைக்கோடு, கைப்பிடியில் செபமாலை தொங்க, தீர்த்தம் தெளிக்க நிற்பார். ஒரு பிள்ளை ஹால் டிக்கெட்டையும் இரண்டு பேனாவையும் நீட்டும். ஒரு தாய் தூங்காத குழந்தையைத் தோளில் போட்டு, "ஒரு செபம் சொல்லுங்க சாமி" என்பார். ஓரமாக ஒருத்தர் எல்லாரும் போகட்டும் என்று காத்திருப்பார். வீட்டில் அடிதடி, அல்லது கடன், அல்லது மகள் யாரோடோ போய்விட்டாள். அந்த ஓரத்து ஆளுக்காகவே அவர் மற்றவர்களைச் சீக்கிரம் அனுப்புவதை நான் பல தடவை கவனித்திருக்கிறேன். காலைச் சாப்பாடு எட்டரை ஆகிவிடும்.

பங்குப் பள்ளிக்குப் பெரும்பாலும் அவர்தான் தாளாளர். ஆசிரியர் விடுப்பு, கல்வி அலுவலகக் கடிதம், கழிப்பறைக் கதவு, எல்லாம் அந்த மேசைக்கு வரும். மதியம் சாப்பிட்டு ஒரு மணிநேரம் படுப்பார். அந்த நேரத்தில் கதவைத் தட்டுகிறவர்கள் பங்கில் எப்போதும் மூன்று நான்கு பேர் உண்டு, திருத்தவே முடியாது. மாலையில் நோயாளிகள் வீடு. அப்புறம் ஏதாவது ஒரு தெருவில் அன்பியக் கூட்டம். பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி விவிலியம் வாசித்துப் பேசுவது. கிளைக் கிராமத்தில் பூசை இருந்தால் அங்கே போய்த் திரும்ப ஒன்பது ஆகும்.

இதில் அவராகத் திட்டமிட்டு நடந்த நேரம் என்று பார்த்தால் காலைப் பூசை ஒன்றுதான். மீதியெல்லாம் வந்து நின்றவர்கள் தீர்மானித்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே வேலை?

இதைக் கேட்ட நண்பனை ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தேன். சாதாரண நாளில் ஒரு குருவுக்கு ஒரு பூசைதான் என்பது சட்டம். குருக்கள் பற்றாக்குறை இருந்தால் இரண்டு, ஞாயிறும், எல்லாரும் கட்டாயம் பூசைக்கு வரவேண்டிய கடன் திருநாளும் தேவையைப் பொறுத்து மூன்று வரை ஆயர் அனுமதிக்கலாம். கிளை ஊர்கள் உள்ள பங்கில் அந்த மூன்றும் கட்டாயம் வந்துவிடும். ஐந்தரைக்குத் தலைமைக் கோயில், ஏழரைக்கு ஒரு கிளை, ஒன்பதரைக்கு இன்னொன்று, நடுவில் பைக். பூசையில் தரும் அப்பமான நற்கருணையை வாங்க ஒரு மணிநேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருக்கவேண்டும் என்ற விதியிலிருந்து இரண்டாவது மூன்றாவது பூசை வைக்கும் குருவுக்கு விலக்கு உண்டு. அதனால் நடுவில் ஒரு காபி கிடைக்கும். அதைக் கிளை ஊர் உபதேசியார் வீட்டம்மா டம்ளரில் ஆற்றிக்கொண்டே நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமையும் கடன் திருநாளும் ஒரு பூசையைத் தன் பங்கு மக்களுக்காகவே ஒப்புக்கொடுக்க வேண்டும், அதற்குக் காணிக்கை வாங்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. பங்கு மக்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது.

மூன்று கோயிலிலும் ஒரே பிரசங்கமா என்றால், ஆமாம். மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் நன்றாக வரும் என்று ஒருவர் என்னிடம் ஒப்புக்கொண்டார்.

சம்பளம் உண்டா? உண்டியல் பணமெல்லாம் அவருக்கா?

உண்டியல் பணம் பங்குக்கு. எல்லாப் பங்கிலும் நிதிக்குழு ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்கிறது சட்டம். எங்கள் பங்கில் ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பொதுநிலையினர் உட்கார்ந்து எண்ணி நோட்டில் கையெழுத்துப் போடுவோம். வருடாவருடம் கணக்கு ஆயர் இல்லத்துக்குப் போகும்.

மறைமாவட்டக் குருவுக்கு மாதம் ஒரு வாழ்வூதியம் கொடுப்பார்கள். தொகை மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறும். கொத்தனார் கூலியோடு ஒப்பிட்டால் கொத்தனார் ஜெயிப்பார், அவ்வளவுதான் சொல்வேன். தங்க இடமும் சாப்பாடும் பங்கு பார்த்துக்கொள்ளும்.

தங்கள் கருத்துக்குப் பூசை வைக்கச் சொல்லி மக்கள் கொடுக்கும் பூசைக் காணிக்கை தனி. இதில் வெளியே தெரியாத ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: ஒரே நாளில் மூன்று பூசை வைத்தாலும் ஒரு பூசையின் காணிக்கையை மட்டும்தான் குரு தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். மற்றது ஆயர் சொல்லும் காரியத்துக்குப் போகவேண்டும். கிறிஸ்துமஸ் நாள் மட்டும் விதிவிலக்கு. காணிக்கை கொடுக்க முடியாத ஏழையின் கருத்துக்கும் பூசை வைக்கவேண்டும் என்று சட்டமே கேட்டுக்கொள்கிறது.

துறவற சபைக் குரு ஏழ்மை வாக்குறுதி எடுத்தவர். அவர் ஆசிரியராகச் சம்பளம் வாங்கினாலும் அது சபைக்குப் போகும். அப்படியானால் வருமான வரி பிடிக்கலாமா என்று பல வருடம் வழக்கு நடந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் வேலை பார்க்கும் குருக்கள், கன்னியர் சம்பளத்தில் வரி பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. மறைமாவட்டக் குரு ஏழ்மை வாக்குறுதி எடுப்பதில்லை. கற்பு நிலைக்கும் ஆயருக்குக் கீழ்ப்படிவதற்கும்தான் வாக்குக் கொடுக்கிறார். அவர் பெயரில் அப்பா வழி நிலம் இருக்கலாம், தப்பில்லை.

பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, சொன்னதை அவர் யாரிடமாவது சொல்லிவிட்டால்?

சொல்ல முடியாது. ஆயரிடமும் முடியாது, போலீஸிடமும் முடியாது, பாவம் சொன்னவர் செத்த பிறகும் முடியாது. நேரடியாக வெளிப்படுத்தும் குரு அந்த நொடியே திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார். தனியாக யாரும் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. கேட்டதை வைத்து ஒருவரிடம் வேறு மாதிரி நடந்துகொள்ளவும் கூடாது. கோயில் உண்டியலைத் திருடினேன் என்று ஒருவர் சொன்னால், மறுநாள் அவரிடமிருந்து சாவியை வாங்கிவைக்கக்கூட முடியாது. "போய் ஒப்படைத்துவிடு" என்று அந்த இடத்திலேயே சொல்லலாம்.

தமிழுக்கும் இந்தச் சடங்குக்கும் பழைய உறவு. பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று விளக்கும் தமிழ் நூல் 1580-இல் கொச்சியில் அச்சானது. எழுதியவர் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்ட்ரிக் அடிகளார். தமிழ் அச்சின் முதல் சில நூல்களில் அதுவும் ஒன்று. இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறோம். பெயர் மாறினாலும் புனித வாரத்தில் வரிசை மாறவில்லை. எங்கள் பங்கில் காது கேட்காத ஒரு பாட்டி இருந்தார். அவருடைய பாவங்கள் மூன்றாவது பெஞ்சு வரை கேட்கும். பீடச்சிறுவர்கள் நாங்கள் அவரைப் பார்த்ததும் பாட்டுப் பாட ஆரம்பித்துவிடுவோம், சாமியாரே அப்படிச் சொல்லிவைத்திருந்தார்.

பங்குக் குருக்களின் பாதுகாவலர் ஜான் மரிய வியான்னியும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் (குரு உட்கார்ந்து பாவம் கேட்கும் கூண்டு) உட்கார்ந்தே பெயர் வாங்கியவர். 1818-இல் பிரான்ஸில் ஆர்ஸ் என்ற குக்கிராமத்துக்குப் போனவர், கடைசிவரை அங்கேயே இருந்தார். அவர் திருநாள் ஆகஸ்ட் 4. அன்றைக்குப் பங்குகளில் சாமியாருக்குச் சால்வை போடுவார்கள். ஒரு சாமியாரிடம் இருக்கும் சால்வைகளை எண்ணினால் எத்தனை வருடம் பணியாற்றினார் என்று சொல்லிவிடலாம்.

நடுராத்திரியில் கூப்பிட்டால் வருவாரா?

வருவார். தயங்கவே வேண்டாம்.

என் அப்பாயி படுத்த படுக்கையாக இருந்தபோது ராத்திரி இரண்டு மணிக்குப் போன் போட்டோம். இருபது நிமிடத்தில் ஸ்கூட்டர் சத்தம். வேட்டியும் கசங்கிய சட்டையுமாக வந்தார்; தலையில் மப்ளர். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஊதாத் தோள்துண்டை எடுத்துப் போட்டதும் ஆள் வேறு மாதிரி ஆகிவிட்டார். கட்டைவிரல் அளவு பித்தளைச் சிமிழ். அதைத் திறந்தால் எண்ணெய்கூடத் தெரியாது, எண்ணெய் ஊறிய பஞ்சுதான் இருக்கும். விரலை அதில் அழுத்தி அப்பாயியின் நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் சிலுவை வரைந்தார். பிறகு பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சை ஒரு காகிதத்தில் மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார், எரிப்பதற்கு. மந்திரித்த எண்ணெய் பட்டதைக் குப்பையில் போடக்கூடாதாம். போகும்போது டீ குடித்தார். சீனி கூடக் கொஞ்சம் வேண்டும் என்றார்.

அந்த எண்ணெய் புனித வாரத்தில் ஆயர் தன் குருக்கள் எல்லாரையும் கூட்டி வைக்கும் பூசையில் மந்திரித்துத் தருவது. மூன்று வகை உண்டு: நோயாளர் எண்ணெய், ஆயத்த எண்ணெய், கிறிஸ்மா. ஒவ்வொரு பங்கும் குப்பியில் வாங்கிப்போய் வருடம் முழுக்க வைத்துக்கொள்ளும்.

ஒரு வேண்டுகோள். பழைய ஆட்கள் இதை "அவஸ்தை பூசுதல்" என்பார்கள். அந்தச் சொல்லே வீட்டாரைப் பயமுறுத்தி, மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் சாமியாரைக் கூப்பிடுவார்கள். இது நோயில்பூசுதல். பெரிய ஆபரேஷனுக்கு முன்னாலேயே வாங்கலாம், குணமாகித் திரும்பவும் நோய் வந்தால் திரும்பவும் வாங்கலாம். இறந்துவிட்டவருக்குப் பூச முடியாது.

சான்றிதழ் கேட்டால் ஏன் இத்தனை குடைச்சல்?

பங்கு அலுவலகத்தில் பீரோவுக்குள் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடுதான் ஒரு கத்தோலிக்கரின் மூல ஆவணம். நீங்கள் எந்த ஊரில் உறுதிபூசுதல் வாங்கினாலும், எங்கே கல்யாணம் முடித்தாலும், அந்தச் செய்தி நீங்கள் ஞானஸ்நானம் வாங்கிய பங்குக்குப் போய், உங்கள் பெயருக்கு நேரே குறிப்பாக ஏறவேண்டும். அதனால்தான் கல்யாணத்துக்குப் பத்து வருடம் முன்னால் வாங்கிய சான்றிதழ் செல்லாது, புதிதாக எழுதி வாங்கிவரச் சொல்கிறார்கள். ஏற்கெனவே திருமணமானவரா என்று அதில் தெரிந்துவிடும். இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இப்படி ஒரு வலையைக் கடிதத்தாலேயே பின்னியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பழைய பதிவேடுகளில் லத்தீனும் பிரெஞ்சும் கலந்திருக்கும், மை பழுப்பேறி இருக்கும். அந்தோணி, அந்தோனி, ஆண்டனி, அந்தோணிமுத்து எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம், நான்கு ஆளாகவும் இருக்கலாம். பாஸ்போர்ட்டுக்காக ஒருவர் வந்தபோது சாமியாரும் நானும் ஒரு மதியம் முழுக்கத் தேடினோம். கடைசியில் அவர் அம்மா பெயரை வைத்துக் கண்டுபிடித்தோம். அவர் பிறந்த வருடமே அவர் நினைத்துக்கொண்டிருந்தது இல்லை. ஒரு வயது கூடிவிட்ட வருத்தத்தோடு போனார்.

கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. அரசு பக்கம் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872 பொருந்தும். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருடச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் அரசிடம் தனியாகப் பதிவு செய்யவேண்டும், கோயில் பதிவேடு மட்டும் போதாது. இதை மறந்துவிட்டு விசா நேரத்தில் ஓடிவருகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

சாமியார் ஏன் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது?

இது விசுவாசக் கோட்பாடு இல்லை, லத்தீன் திருச்சபையின் ஒழுங்கு. குருக்கள் செய்யும் திருமணம் செல்லாது என்று 1139-இல் இரண்டாம் லாத்தரன் சங்கம் அறுதியாகச் சொன்னது. ரோமோடு இணைந்த கீழைத் திருச்சபைகளில், உதாரணமாக உக்ரேனியத் திருச்சபையில், மணமானவர் குருவாகலாம். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் கீழை வழிபாட்டு முறை மறைமாவட்டங்கள் இருக்கின்றன, ஆனால் அங்கேயும் மணமாகாதவர்களே குருக்கள் ஆவதுதான் வழக்கம்.

ஆட்கள் இந்தக் கேள்வியைக் கண்ணடித்துக்கொண்டு கேட்பார்கள். நான் பார்த்த கஷ்டம் அதில்லை. ராத்திரி ஒன்பதரை மணிக்கு வந்து ஹாட்பேக்கைத் திறந்தால் சமையல்காரம்மா ஆறு மணிக்கே சுட்டுவைத்துப் போன மூன்று இட்லி, வேர்த்து ஊறிப்போய் இருக்கும். எட்டுப் பேர் உட்காரும் மேசையில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, செய்தி சேனலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். அன்றைக்கு அவர் நான்கு குடும்பத்துச் சண்டையைக் கேட்டிருப்பார். அவருடைய நாள் எப்படிப் போயிற்று என்று கேட்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். பண்டிகை நாள்தான் மோசம். கிறிஸ்துமஸ் நடுராத்திரிப் பூசை முடிந்து, கேக் வெட்டி, எல்லாரும் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவோம். அதற்கப்புறம் சாமியார் தங்கும் பங்களாவில் ஒரே ஒரு விளக்கு எரியும். பேரவைச் செயலராக ஒரு வருடம் அந்த விளக்கைப் பார்த்த பிறகுதான், அடுத்த வருடத்திலிருந்து அவரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவர ஆரம்பித்தோம்.

சாதிச் சண்டையில் சாமியார் யார் பக்கம்?

பூசிமெழுக விரும்பவில்லை. தமிழகக் கத்தோலிக்கத்தில் சாதி இருக்கிறது. வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் சாதிக்கு ஒரு பக்கமாக ஆட்களைப் பிரித்து உட்காரவைக்கவே இரண்டு பகுதியாகக் கோயில் கட்டினார்கள். 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டிக் கலவரம் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். கல்லறையில் தனி இடம், தேர் எந்தத் தெரு வரை போகும், கொடியைத் தூக்குவது யார் என்று சின்ன அளவில் இது வருடாவருடம் வரும்.

நடுவில் மாட்டுகிறவர் பங்குச் சாமியார். "திருவிழா அமைதியாக முடிந்தால் போதும்" என்று பழைய வழக்கத்துக்கே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். நான் சண்டை போட்ட இரண்டில் ஒன்று இதற்காகத்தான். தேர் எல்லாத் தெருவுக்கும் போகும், இல்லையென்றால் தேரே கிடையாது என்று சொன்ன ஒருவரையும் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் தேர் கிளம்பவில்லை. மறு வருடம் எல்லாத் தெருவுக்கும் போயிற்று.

கட்சி அரசியலிலும் அரசுப் பதவியிலும் குருக்கள் இறங்கக் கூடாது என்பது சட்டம். தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் சால்வையோடு பங்களாவுக்கு வருவதை எந்தச் சட்டத்தாலும் தடுக்க முடிந்ததில்லை.

சாமியாரே தப்பு செய்தால் யாரிடம் போவது?

பணம், நிர்வாகம் என்றால் முதலில் மறைவட்ட முதன்மைக் குரு (அக்கம்பக்கத்துப் பங்குகளுக்குப் பொறுப்பானவர்), அப்புறம் ஆயர். எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்ட பாலியல் குற்றம் என்றால் நேராகக் காவல்துறை, அல்லது 1098 என்ற உதவி எண். 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே குற்றம். "கோயில் பெயர் கெட்டுவிடும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

குருவாக எத்தனை வருடம் படிக்கவேண்டும்?

பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தால் ஏறக்குறைய பத்திலிருந்து பதின்மூன்று வருடம். சிறிய குருமடம், கல்லூரிப் பட்டம், மெய்யியல், நடுவில் ஒரு வருடம் ஏதாவது பங்கில் களப்பணி, அப்புறம் நாலு வருடம் இறையியல். பூந்தமல்லி திரு இருதயக் குருமடம், திருச்சி புனித பவுல் குருமடம், பெங்களூரு புனித பேதுரு குருமடம் என்று எங்காவது அனுப்புவார்கள். 25 வயது ஆகாமல் குருப்பட்டம் இல்லை. நடுவில் விலகுகிறவர்கள் நிறைய. ஊருக்குத் திரும்பும் அந்தப் பையன்களை "மடத்திலிருந்து ஓடிவந்தவன்" என்று கேலி செய்யும் வழக்கம் இன்னும் போகவில்லை. பத்து வருடம் யோசித்து வேண்டாம் என்று முடிவெடுப்பதும் லேசான காரியம் இல்லை.

கிறிஸ்தவர் அல்லாதவர் போய்ப் பார்க்கலாமா? எப்படிக் கூப்பிடுவது?

தாராளமாக. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள், கூட்டத்தில் கணிசமானவர்கள் பொட்டு வைத்தவர்கள்தான். பூசையில் உட்காரலாம், நற்கருணை மட்டும் கத்தோலிக்கருக்கு. "சாமி", "ஃபாதர்" இரண்டும் சரி. வயதானவர்கள் "தோத்திரம் சாமி" என்று கைகூப்புவார்கள், பிள்ளைகள் நெற்றியைக் காட்டுவார்கள், அவர் கட்டைவிரலால் சிலுவை போடுவார். மதியம் இரண்டு முதல் மூன்றரை வரை மட்டும் போகாதீர்கள்.

விடுமுறை?

வருடத்தில் அதிகபட்சம் ஒரு மாதம், அதற்குப் பதிலுக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டு. வருடாந்தர தியானம் இந்தக் கணக்கில் சேராது. 75 வயதானதும் பணி விலகல் கடிதம் கொடுக்கவேண்டும், ஆயர் ஏற்றுக்கொண்டால் ஓய்வு.

எல்லாரும் விரும்பும் சாமியாரை ஏன் மாற்றுகிறார்கள்?

எல்லாரும் விரும்பாத சாமியாரும் மாறவேண்டுமே, அதற்குத்தான்! பெரும்பாலான மறைமாவட்டங்களில் சில வருடங்களுக்கு ஒருமுறை, பள்ளி திறப்பதற்கு முன்னால், மே ஜூன் வாக்கில் மாற்றல் பட்டியல் வரும். நிறுத்தக் கேட்டு வேன் பிடித்து ஆயர் இல்லத்துக்குப் போவோம். ஆயர் டீ கொடுத்து அனுப்புவார்.

போகிற நாளில் கடைசியாக நடப்பது ஒப்படைப்பு. பதிவேடுகள், வங்கிப் புத்தகம், நிலப் பத்திரம், வெள்ளிப் பாத்திரங்கள், நற்கருணைப் பேழையின் சாவி, ஒவ்வொன்றாக எண்ணி இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். எங்களோடு ஆறு வருடம் இருந்தவரின் சொந்தச் சாமான் இரண்டு சூட்கேஸ், நாலு அட்டைப்பெட்டிப் புத்தகம், ஒரு மேசை விசிறி. நாய் பங்குக்குச் சொந்தம் என்று விட்டுப்போனார். அது கேட் வரை ஓடியது. புதுச் சாமியார் வராந்தாவில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மோட்டார் ஸ்விட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டார்.